ராஜம்மா முறைத்த பால் டின்

ஒற்றைப்பாலத் தோட்டத்தில் ஜெயமணி முகராத பொருள் எதுவும் கிடையாது. கருவாட்டை முகர்ந்து வாங்குவாள். அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவள் நாட்காட்டியையும் முகர்வாள். கணக்கெழுதும் கிராணி நீட்டும் காகிதத்தை முகர்ந்துவிட்டுத்தான் கைநாட்டு வைப்பாள். பெம்பானில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த மல்லிகையை எல்லோர் முன்னிலையிலும் மூக்கில் வைத்து, "இது நேத்துப் பறிச்சது" என்றாள். மாப்பிள்ளை மருதமுத்துதான், "ஆமா, நேத்துதான் பறிச்சேன். பொண்ணு பொய் சொல்லல" என்று கல்யாணத்தைக் காப்பாற்றினான்.

அப்படி மலாயாவின் நியாலாஸ் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் தினம் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். இரண்டாம் வகுப்பு வரை படிப்பு. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கும் வியாதி. கோயிலில் அம்மனுக்கு எலுமிச்சை ஏன், ஆரஞ்சு ஏன் ஆகாது என்று கேட்டு, பூசாரி ஒரு வாரம் அவள் வரும் பாதையையே தவிர்த்திருக்கிறார்.

இத்தனை இருந்தும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் பொறுப்பு ஒன்பது வருடமாக அவள் கையில்தான் இருந்தது. காரணம் எளிது. அவள் போட்டால் முளைக்கும். இருட்டுக் குடிசைக்குள் இருபத்தோரு சட்டியில் நெல்லும் சோளமும் விதைத்து, தண்ணீர் தெளித்து, திருவிழா அன்று வெளியே எடுத்தால் சாண் உயரத்துக்கு இளமஞ்சளாக நிற்கும். முளைப்பாரி செழித்தால் அந்த வருடம் தோட்டத்துக்கு நல்லது. கருகினால் கெட்டது, கெட்டதற்குக் காரணம் போட்டவள். கோயிலில் மாலை வாங்கும்போது முளைப்பாரிக்காரிக்கு முதல் மாலை. ஜெயமணிக்கு வாழ்க்கையில் வேறு எதிலும் முதல் இடம் கிடைத்ததில்லை. எடை போடும் இடத்தில்கூட அவள் ரப்பர்ப் பால் வாளி எப்போதும் ஏழாவதோ எட்டாவதோதான்.

அந்த முதல் மாலைக்குத்தான் 1952-இல் ஆபத்து வந்தது.

அவசர காலம் தொடங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு ஒரே வாசல், வாசலில் மணல் மூட்டை அடுக்கிய காவல் சாவடி. காலையில் மரம் வெட்டப் போகிறவர்களின் இடுப்பு மடிப்பைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசிகூடக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடக் கூடாது என்பது சட்டம். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் இரண்டு ஓட்டை குத்தித்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட பாலை யாரும் ஒளித்துவைக்க முடியாதாம்.

இந்தக் கெடுபிடியில் முளைப்பாரிக்குத் தானியம் வேண்டும் என்று மனுப் போட, பெரிய கங்காணியும் கோயில் தலைவருமான பிச்சைமுத்து கோட்டுப் போட்டுக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி மனுவை இரண்டு முறை படித்தார்.

"இந்த அம்மன் வேலிக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா?"

அம்மன் எங்கும் நிறைந்தவள் என்று சொல்லத்தான் பிச்சைமுத்து வாயைத் திறந்தார். சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"உள்ளதான் துரை. வெளிய எங்கயும் போறதில்ல."

அனுமதி கிடைத்தது. நெல் இரண்டு காத்தி, சோளம் இரண்டு காத்தி. சட்டி இருபத்தொன்று, ஒன்று கூடவோ குறையவோ கூடாது. தானியம் வைத்திருக்கும் குடிசைக்கு ஒரு காவலர். காவலர் தினமும் சட்டிகளை எண்ண வேண்டும்.

காவலராக வந்தவன் சாமிக்கண்ணு. இருபத்து நாலு வயது, தோட்டத்துப் பிள்ளைதான், ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஒரு வருடம். சிக்கல் என்னவென்றால், திருவிழாவுக்கு முன் ஆண்கள் முளைப்பாரியைப் பார்க்கக் கூடாது. எண்ண வேண்டும் என்கிறது அரசாங்கம், பார்க்கக் கூடாது என்கிறது சம்பிரதாயம். கடைசியில் சாமிக்கண்ணு துப்பாக்கியோடு குடிசைக்கு முதுகைக் காட்டி நிற்பது, ஜெயமணி உள்ளேயிருந்து ஒவ்வொரு சட்டியாகத் தட்டுவது, அவன் சத்தத்தை எண்ணுவது என்று முடிவானது.

"பத்தொம்பது... இருபது... அக்கா, இருபதுதான் வருது."

"ஒண்ணு ஈரமா இருக்குடா. சத்தம் வராது."

"அதுக்கு நான் என்னா எழுதறது?"

"ஈரச் சட்டி ஒண்ணுன்னு எழுது."

அப்படியே எழுதினான்.

விதைத்தது ஒரு திங்கட்கிழமை. திருவிழா பதினாலாம் நாள், ஞாயிறு. தானியத்தில் பாதியைத்தான் ஜெயமணி விதைத்தாள். மீதியைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாள். ஒன்பது வருடமும் அப்படித்தான்.

ஆனால் ஒன்றை மட்டும் இந்த வருடம் மாற்றவேண்டி வந்தது. எப்போதும் ஆற்றங்கரையிலிருந்து மண் எடுப்பாள். ஆறு இப்போது வேலிக்கு வெளியே. மண் மூட்டையோடு வாசலில் நின்றால், கம்பியை விட்டுக் குடைந்து பார்த்து, மூட்டையைக் கொட்டச் சொல்லி, அரை நாள் போய்விடும். அதனால் வேலிக்குள்ளேயே தேடினாள். பழைய மாட்டுக் கொட்டகையின் கூரை இரண்டு வருடத்துக்கு முன் சரிந்து, அத்தாப்பு ஓலையும் லாலாங் புல்லும் மழையில் மக்கிக் கிடந்தன. அடியில் கறுப்பு மண், கையில் எடுத்தால் அல்வா மாதிரி. அதை இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று ஈரச் சாக்கைப் போட்டு ஒரு வாரம் மூடிவேறு வைத்தாள். வழக்கம்போல முகர்ந்தும் பார்த்தாள். பழைய பாய் மாதிரி ஒரு வாடை. அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சளி. மூக்கின் தீர்ப்பை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சட்டிகளை நிரப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை சாக்குத் திரையை விலக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோளம் முளைத்திருந்தது, ஆனால் இரண்டு விரல் உயரத்தில் பன்றி வால் மாதிரி சுருண்டுகொண்டு நின்றது. நெல் அதுவும் இல்லை. ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் கட்டையாக, நுனி பழுப்பாக, சுட்ட தீக்குச்சி போல இருந்தது. பூச்சி கடிக்கவில்லை. அழுகலும் இல்லை.

விஷயம் வெளியே கசிய அரை மணி நேரம் ஆனது. அதைக் கசியவிட்டவள் ராஜம்மா. அடுத்த லயத்துக்காரி, ஜெயமணியைவிட நாலு வயது பெரியவள். ஒன்பது வருடமாக இரண்டாவது மாலை வாங்குகிறவள். அன்று சாயங்காலமே கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

"விரதம் இருக்கிறவ வீட்டுல புதங்கிழம கருவாடு வறுத்த வாடை வந்துச்சி" என்றாள் ராஜம்மா. "நான் யாரையும் சொல்லல. வாடையைச் சொல்றேன்."

"அது எங்க வீடு இல்ல அக்கா, அடுத்த வீடு."

"வாடைக்கு வீட்டு நம்பர் தெரியுமா?"

கூட்டத்தில் யாரோ, "கான்ஸ்டபிள் பார்த்திருப்பான். அவன் கண்ணு பட்டிருக்கும்" என்றார்கள்.

சாமிக்கண்ணு துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டான். "நான் முதுகைத்தான் பெரியப்பா காட்டுனேன்."

"உன் முதுகுக்கே இவ்வளவு பவருன்னா, மூஞ்சிய காட்டியிருந்தா தோட்டமே பட்டுப்போயிருக்கும்லா" என்றார் பிச்சைமுத்து. கூட்டம் சிரித்தது. சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. அவனுக்குப் பெம்பானில் பெண் பார்த்திருந்தார்கள். கொள்ளிக்கண்ணன் என்ற பெயர் பெம்பானுக்குப் போக ஒரு பஸ் போதும்.

"கண்ணுன்னா ராஜம்மா அக்கா கண்ணும்தான் இருக்கு" என்றாள் ஜெயமணி. "மூணு நாளா குடிசையையே முறைச்சிக்கிட்டு போறாங்க."

இப்படியாகக் குற்றவாளிகள் மூன்று பேர் ஆனார்கள்: கருவாடு, கான்ஸ்டபிள், ராஜம்மா. பிச்சைமுத்து கையை உயர்த்தினார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம இருபத்தோரு சட்டி வேணும். கவர்மெண்ட்டுக்குக் கணக்குச் சொல்லணும். ஜெயமணி, உன்னால முடியாட்டி மீதி தானியத்தை ராஜம்மாகிட்ட குடுத்துடு. இனிமே அவளே போடட்டும்."

"திங்கக்கெழம காலையில வரைக்கும் டைம் குடுங்கண்ணே. எது கெடுக்குதுன்னு தெரியாம யாரு போட்டாலும் இதே கதிதான்."

அது நியாயமாகப் பட்டது. ராஜம்மாவுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பயம் இருந்திருக்க வேண்டும். அவளும் சரி என்றாள்.

ஜெயமணி நேராகத் தோட்டத்து மருத்துவ அறைக்குப் போனாள். மருந்து கொடுக்கும் டிரசர் தம்புசாமி அங்கே ஊசிகளை வேகவைத்துக்கொண்டிருந்தார். உலகத்தில் நடக்கும் எல்லாத் தப்புக்கும் கிருமிதான் காரணம் என்பது அவர் கொள்கை. சீட்டாட்டத்தில் தோற்றாலும் கை கழுவுவார். சுருண்ட முளையைக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார்.

"கிருமி. மண்ணை வேகவை. செத்துடும்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"அப்ப கொஞ்சம் பஞ்சு குடுங்க அண்ணே. நீங்க சொல்றதையும் மத்தவங்க சொல்றதையும் ஒண்ணாவே பார்த்துடுவோம்."

பஞ்சோடு வீடு வந்தவள் ஆறு காலிப் பால் டின்களை எடுத்தாள். ஓட்டை இல்லாத பக்கத்தை வெட்டித் திறந்து, கடைக்காரர் ஓட்டை போட்ட பக்கத்தை அடியில் வைத்தாள். தண்ணீர் வடிய இதைவிட வசதி வேறு இல்லை. ஊறவைத்த நெல்லும் சோளமும் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து. முதல் டின்னில் பஞ்சும் வெறும் தண்ணீரும். அதற்கு ஒரு கெடுதலும் கிடையாது. அடுத்த மூன்றிலும் அதே பஞ்சு, அதே தண்ணீர், ஆனால் டின்னுக்கு ஒரு குற்றவாளி. ஐந்தாவதில் தம்புசாமி சொன்னபடி ஒரு மணி நேரம் வேகவைத்த கறுப்பு மண். ஆறாவதுதான் அவளுடைய சொந்த யோசனை. அந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, அந்தக் கஷாயத்தைப் பஞ்சில் ஊற்றினாள். மண்ணே கிடையாது, மண்ணின் சாறு மட்டும்.

கருவாடு டின் சுலபம். அடுத்த வீட்டில் ஒரு துண்டு வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு டின்னுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். சாமிக்கண்ணு டின்னுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, ஆண் பார்க்கலாமா என்று. பிச்சைமுத்து யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "சட்டியில இருந்தா முளைப்பாரி. டின்னுல இருந்தா வெறும் புல்லு. பார்க்கலாம்." சாமிக்கண்ணு அன்றிலிருந்து சாவடியில் டின்னை முன்னால் வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தான். அந்த மூன்று நாளும் வாசலில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது.

ராஜம்மா டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் தகராறு.

"என்னாடி இது?"

"இதை முறைக்கணும் அக்கா. தினம் மூணு வேளை. மனசார."

"என்னைய என்னா பேயின்னு நெனைச்சியா?"

"இல்லன்னு காட்டத்தான் குடுக்கறேன். முளைச்சிச்சின்னா உங்க கண்ணு நல்ல கண்ணு. கருகிச்சின்னா நீங்க சொன்னது சரி, கண்ணுதான் காரணம். ரெண்டுலயும் உங்களுக்குத்தான் ஜெயம்."

ராஜம்மா இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருப்பதாகச் சந்தேகப்பட்டாள். ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை. டின்னை அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் முறைத்தாள். ஜெயமணி மேல் இருந்த ஒன்பது வருடக் கோபமும் அதில் இறங்கியது.

சனிக்கிழமை ஒரு விபத்து. வடிகட்டிய கஷாயத்தில் மீதியைக் குவளையில் ஊற்றி ஜெயமணி வாசற்படியில் வைத்திருந்தாள். பார்க்க அசல் கோப்பி-ஓ, பால் விடாத காப்பி. டின்னைக் காட்ட வந்த சாமிக்கண்ணு எடுத்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டான்.

"என்னாக்கா, சீனி போடலயா?"

அது என்ன என்று அவள் சொன்னதும் அவன் முகம் கறுப்பு மண்ணின் நிறத்துக்கு வந்தது. மருத்துவ அறைக்கு ஓடினான். தம்புசாமி அவன் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைப் பிதுக்கினார், ஒரு குடம் தண்ணீர் குடிக்கவைத்தார்.

"சுருண்டுக்குவேனா அண்ணே?"

"நீ என்னா சோளமா? போய் நிமிர்ந்து நில்லு."

அன்று முழுவதும் சாமிக்கண்ணு சாவடியில் நின்ற நிமிர்வைப் போலப் பிறகு எந்த அணிவகுப்பிலும் நின்றதில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு டின்களும் கோயில் முன்னால் வரிசையாக வந்தன. வெறும் தண்ணீர் டின்னில் முளை மூன்று விரல் உயரம், நேராக. கருவாடு டின்னிலும் மூன்று விரல், வாடை மட்டும் கூடுதல். சாமிக்கண்ணு டின்னிலும் மூன்று விரல். அவன் பெருமூச்சு விட்டது வேலிக்கு வெளியே கேட்டிருக்கும். வேகவைத்த மண் டின்னில் பன்றி வால். கஷாய டின்னிலும் பன்றி வால். மண்ணே இல்லாத பஞ்சில் அதே கட்டை வேர், அதே பழுப்பு நுனி.

ராஜம்மா டின்னில் நாலரை விரல்.

கூட்டம் ராஜம்மாவைப் பார்த்தது. "நல்லாத்தான் முறைச்சேன்" என்றாள் அவள், ஏதோ கடமை தவறியவள் போல. அடுப்பின் சூடு அந்த டின்னுக்கு இதமாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஜெயமணிக்குத் தோன்றியது, ஆனால் அவளும் அதை வெளியே விடவில்லை.

தம்புசாமிக்குத்தான் குழப்பம். "வேகவச்சா கிருமி சாகணுமே. செத்ததுக்கு அப்புறம் எப்படிக் கெடுக்கும்?" கறுப்பு மண்ணைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். கட்டியை உடைத்தால் உள்ளே வெள்ளை நூலாகப் பூஞ்சணம் ஓடியிருந்தது. பச்சையாகத் தூள் படிந்திருந்தது. திடீரென்று நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"பெனிசிலின் ஊசி போடுறேன்ல, அது என்னா? பூஞ்சணம் வடிக்கிற சாறு. பக்கத்துல வேற எதுவும் வளரக் கூடாதுன்னு அது வடிச்சி வைக்குது. ஒரு பூஞ்சணம் மருந்தை வடிச்சா, இன்னொண்ணு விஷத்தை வடிக்காதா?"

"அப்ப பூஞ்சணம் செத்தாலும்..." என்றார் பிச்சைமுத்து.

"சமைச்சவ செத்துட்டா, அண்ணே. வச்ச குழம்பு சட்டியிலயே இருக்கு" என்றாள் ஜெயமணி. "ஓலையும் புல்லும் மக்குனதுல அதுக்கு நல்ல தீனி. நான் வேற சாக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் விருந்து வச்சிருக்கேன். முளை பாவம், அந்தக் குழம்புல கால வச்சதும் சுருண்டுக்கிச்சி. தப்பு என் மேலதான். சளி புடிச்ச மூக்கை நம்பிட்டேன்."

ஒன்பது வருடத்தில் ஜெயமணி தப்பை ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. ராஜம்மா அதை ரசித்து முடிப்பதற்குள் பிச்சைமுத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "சரி, இப்ப நல்ல மண்ணுக்கு எங்க போறது? ஆறு நாள்தான் இருக்கு."

ஜெயமணி வாசலைப் பார்த்தாள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். காவல் சாவடியைச் சுற்றி இடுப்பளவுக்கு அடுக்கியிருந்த மூட்டைகள். உள்ளே இருப்பது ஆற்று மணல். கழுவின மாதிரி, வெயிலில் காய்ந்து கிடந்த மணல்.

"அக்கா, அது கவர்மெண்ட்டு மணலு" என்றான் சாமிக்கண்ணு.

"மூட்டையா கேட்டேன்? மணலைத்தான் கேட்டேன். மூட்டையில வேற மண்ணைப் போட்டுத் தச்சிக் குடுத்துடறேன். மண்ணுல பூஞ்சணம் இருந்தா குண்டுக்கு என்னா, இல்லாட்டி என்னா?"

"மணல்ல சத்து இருக்காதே" என்றாள் ராஜம்மா.

"விதை தன் சோத்தைத் தானே கட்டிக்கிட்டு வருது அக்கா. ஒரு வாரத்துக்குத் தாங்கும். வாசல்ல புடுங்க முடியாத சோறு அது ஒண்ணுதான்."

சாமிக்கண்ணு தன் டின்னில் நேராக நின்ற முளைகளைப் பார்த்தான். பெம்பானை நினைத்தான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் மூட்டையை அவனே பிரித்தான். மதியத்துக்குள் ஐந்து மூட்டை மாறின. ஜெயமணி சட்டிகளைத் தேய்த்துக் கழுவி, மணல் நிரப்பி, உத்தரத்தில் தொங்கிய தானியத்தை ஊறவைத்து விதைத்தாள். அடுத்த ஆறு நாளும் முதுகுப் பக்கமாக எண்ணிக்கை நடந்தது. இருபத்தொன்றும் கணக்காக வந்தது. ஒரு சட்டிகூட ஈரச் சட்டி இல்லை.

ஞாயிறு காலை சாக்குத் திரையை விலக்கும்போது ஜெயமணி கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத்தான் முதலில் உள்ளே விட்டாள். பச்சை வாடை. பிறகுதான் கண்ணைத் திறந்தாள். சாணுக்கு ஒரு விரல் குறைவு. ஆனால் ஒன்றுகூடச் சுருளவில்லை.

ஊர்வலம் வாசலைத் தாண்டி ஆற்றுக்குப் போக அனுமதித் தாளோடு ஒரு கார்ப்பரல் வந்திருந்தார். ஒவ்வொரு சட்டியாக எண்ணினார். இருபத்தொன்று முடிந்ததும் வரிசையின் கடைசியில் ராஜம்மா நின்றாள், தலையில் பால் டின்னோடு. முளை ஒரு சாணைத் தாண்டி ஆடியது.

"இருபத்திரெண்டு" என்றார் கார்ப்பரல்.

"அது முளைப்பாரி இல்ல சார்" என்றார் பிச்சைமுத்து. "டின்னுல இருந்தா வெறும் புல்லு."

கார்ப்பரல் டின்னை வாங்கித் திருப்பி அடியைப் பார்த்தார். இரண்டு ஓட்டை, சட்டப்படி. போகலாம் என்று கையைக் காட்டினார்.

முதல் மாலை ஜெயமணிக்கே விழுந்தது. அடுத்த வருடமும் நீயே போடு என்றார் பிச்சைமுத்து. அவள் மாலையை முகர்ந்து பார்த்தாள். மருதமுத்து பக்கத்தில் வந்து மெதுவாக, "இன்னிக்குப் பறிச்சது" என்றான்.

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. சாவடி மூட்டைகளில் ஐந்து மட்டும் வெள்ளை வெள்ளையாகக் காளான் பூத்தன. கார்ப்பரல் கேட்டதற்குச் சாமிக்கண்ணு நேராக நின்று, "ஈர மூட்டை அஞ்சு சார்" என்று பதில் சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ராஜம்மாவுக்குத்தான் அதற்குப் பிறகு ஓய்வில்லை. கத்தரிக்காய் பிஞ்சு விடாதவர்களும், முருங்கை துளிர்க்காதவர்களும் அவள் வாசலுக்கு வந்தார்கள். "வந்து கொஞ்சம் முறைச்சிட்டுப் போங்க அக்கா" என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அவளும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு போய்வந்தாள். ஒரு நாள் ஜெயமணியும் மிளகாய்ச் செடிக்காக வந்து நின்றாள்.

"உனக்குத்தான் தெரியுமே, அது கண்ணு இல்ல, அடுப்புன்னு" என்றாள் ராஜம்மா.

ஜெயமணி திடுக்கிட்டாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"டின்னைத் தொட்டப்ப சுட்டுச்சி."

"அப்புறம் ஏன் போய் முறைக்கிறீங்க?"

"ஒன்பது வருஷமா ரெண்டாவது மாலை" என்றாள் ராஜம்மா. "இதுலயாவது நான் முதல் ஆளா இருக்கேனே, பொறுக்கலயா? செடி எங்க இருக்கு, காட்டு."

ஜெயமணி காட்டினாள். ராஜம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குனிந்து, மனசார முறைத்தாள்.